திரும்ப வாங்காத பிராது

விருத்தாசலம்
12-10-2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் உன் அப்பா பக்கத்தில் நின்றால் எனக்கு வார்த்தை வராது, அழுகைதான் வரும். அதனால் கடிதம். இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடாதே, வைத்துக்கொள்.

நேற்று ராத்திரி உன் அப்பா இங்கே வந்தார். சாப்பிடக்கூட உட்காரவில்லை. "வெளிநாட்டுப் போட்டிக்குப் போகணும்னா பொம்பளப் பிள்ளைங்களுக்கு என்னமோ டெஸ்ட் எடுக்கிறாங்களாம். நாளைக்கு ஊர்ல என்ன பேசுவான்? தீபாவளிக்கு வர்றவளை நான் திருப்பி அனுப்பப் போறதில்ல" என்றார். நீ போனில் சொன்னதை அவர் பாதிதான் காதில் வாங்கியிருக்கிறார். மீதியைப் பயம் நிரப்பிக்கொண்டது.

நீ தீபாவளிக்கு வா. ஆனால் கைப்பையோடு வா. பெட்டியைக் கட்டிக்கொண்டு வராதே.

உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னைப்போல நானும் 800 மீட்டர் ஓடியவள். பள்ளிக்கூடத்தில் ஓடினேன் என்று உனக்குத் தெரியும், எப்படி நின்றது என்று தெரியாது. 2006-இல் பதினொன்றாம் வகுப்பு. வட்டாரப் போட்டியில் முதலாவது, மாவட்டப் போட்டியில் மூன்றாவது. மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருப்பார்கள். ஓடி முடித்தால் கால்விரல் இடுக்கெல்லாம் வெள்ளை ஏறி எரியும். அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வருவதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த வருஷம் டிசம்பரில் தோஹாவில் ஆசிய விளையாட்டு. புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்திரராஜன் 800 மீட்டரில் ஓடினார். செங்கல் சூளையில் கூலி வேலை செய்த அப்பா அம்மாவின் மகள். பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமாலுக்குத் தங்கம். சாந்தி அக்கா 2 நிமிடம் 3.16 விநாடி, வெள்ளி. பின்னால் வந்த கஜகஸ்தான்காரிக்கும் அவருக்கும் நடுவே 0.03 விநாடிதான். கடைசி ஐம்பது மீட்டரில் நெஞ்சை முன்னால் தள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் வந்ததை எதிர்வீட்டு டிவியில் பார்த்தேன். தமிழ் பேசும் ஒரு கிராமத்துப் பெண், அதுவும் நான் ஓடுகிற அதே இரண்டு சுற்று. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

சில நாள்தான். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று மெடலைப் பறித்துவிட்டார்கள். எல்லா சேனலிலும் அதே பேச்சு. சாந்தி அக்காவுக்கே யாரும் நேரில் உட்காரவைத்துச் சொல்லவில்லை, டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று பிற்பாடு அவர் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள், உடம்பைப் பார்த்தார்கள், எதற்கு என்று அவருக்குப் புரியும்படி ஒருவரும் சொல்லவில்லை. அவர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை, மாத்திரை சாப்பிடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார். அவ்வளவுதான்.

நம் வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. உன் தாத்தா, "ஆணா பொண்ணான்னு கேக்கிற ஓட்டம் நமக்கு வேணாம்மா" என்றார், மெதுவாகத்தான் சொன்னார். மறுநாள் கிரவுண்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற என் பச்சை பேண்ட்டைத் தேடினேன். அம்மா அதை நாலாகக் கிழித்து அடுப்படியில் கரித்துணியாகப் போட்டிருந்தாள். ஒரு துண்டில் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். உன் அப்பாவுக்கு அப்போது 25 வயது, சம்பாதிக்கிற பிள்ளை. அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் தாத்தா கேட்டிருப்பார். பேசவில்லை. இதை நான் அவர்மேல் குறையாக வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். வைத்திருக்கிறேன். நேற்றுதான் முதல்முறையாக அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அந்த மார்கழியில் நான் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குத் தனியாக நடந்துபோனேன். நம் ஊர்க்காரர்கள் நியாயம் கிடைக்காவிட்டால் அங்கேதானே பிராது கட்டுவார்கள், நிலத் தகராறு, கொடுத்த கடன், காணாமல்போன மாடு என்று. நோட்டுத் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யார் மேல் எழுதுவது என்று தெரியவில்லை. அப்பா மேல் எழுத மனசு வரவில்லை, தோஹாவில் இருந்தவர்கள் பேர் தெரியாது. கடைசியில், 'சாந்தி அக்காவின் வெள்ளி மெடல் அவர் கைக்குத் திரும்ப வரவேண்டும்' என்று மட்டும் எழுதி மடித்துக் கட்டிவிட்டு வந்தேன். காரியம் முடிந்தால் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நான் இன்னும் வாங்கவில்லை.

பிளஸ் டூ முடித்ததும் செராமிக் கம்பெனிக்கு வந்தேன். ஆரம்பத்தில் பியூஸ் கட்டை, பிறகு பொம்மை. 2012-இல் ஒருநாள் மோல்டு உலர்த்துகிற இடத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் சுற்றி வந்த பேப்பரில் சாந்தி அக்கா படம். செங்கல் சூளையில் 200 ரூபாய் தினக்கூலிக்கு வேலை செய்கிறார் என்று போட்டிருந்தது. எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. சூளை வெக்கை முகத்தில் அடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் பாப்பா. ஆசியாவில் இரண்டாவதாக வந்த கால் அது.

ஆனால் அவர் கதையை அங்கே நிறுத்தித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஆத்திரம். மெடல் போன பிறகும் அன்றைய முதலமைச்சர் கருணாநிதி அவருக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தப் பணத்தில் அவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். பாட்டியாலா போய்ப் பயிற்சியாளர் படிப்பு முடித்தார். 2016-இல் அரசாங்கக் கோச் வேலை நிரந்தரமாகக் கிடைத்தது. இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. தோஹாவுக்கு முந்தின வருஷம், 2005-இல், தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய தடகள சாம்பியன்ஷிப்பிலும் அவர் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். அது அவரிடம்தான் இருக்கிறது, யாரும் பறிக்கவில்லை. அதே கால், அதே உடம்பு, அதே இரண்டு சுற்று. ஒன்று செல்லும், ஒன்று செல்லாதாம்.

உன் அப்பா சாந்தி அக்கா விஷயத்தையும் கோமதி மாரிமுத்து விஷயத்தையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார். நேற்றும் அப்படித்தான், "நம்ம ஊர்ப் பொண்ணுங்க ஜெயிச்சாலே புடுங்கிடறான்" என்றார். இரண்டும் தோஹா, இரண்டும் 800 மீட்டர், இரண்டு பேரும் தமிழ்ப் பெண்கள் என்பதால் வருகிற குழப்பம். கோமதி திருச்சி முடிகண்டத்துப் பெண். 2019 ஆசிய சாம்பியன்ஷிப்பில் 2 நிமிடம் 2.70 விநாடியில் தங்கம் வாங்கினார், ஊரே கொண்டாடினோம். பிறகு சோதனையில் நான்ட்ரோலோன் இருந்தது என்று தங்கமும் போய் நாலு வருஷத் தடையும் வந்தது. அது உடம்புக்குள் போன மருந்தைப் பற்றிய வழக்கு. சாந்தி அக்காவுடையது பிறந்த உடம்பைப் பற்றியது. இதை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் உன்னால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது. சளிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்காதே. யாராவது 'பவுடர் சாப்பிடு, ஸ்டாமினா வரும்' என்று டப்பா கொடுத்தால் தொடாதே. ஊரிலிருந்து நாங்கள் லேகியம், சூரணம் என்று ஏதாவது அனுப்பினாலும் கோச்சிடமும் டாக்டரிடமும் காட்டாமல் வாயில் வைக்காதே. போன மாசம் பாட்டி கொடுத்தனுப்பிய அந்தக் கறுப்பு லேகியத்தைக் கொட்டிவிடு, நான் அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது அந்த டெஸ்ட். நம் பக்கத்து லேப் டெக்னீஷியன் அக்காவிடம் போய்க் கேட்டேன். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பார்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் ரத்தம். ஒய் குரோமோசோமில் இருக்கிற எஸ்ஆர்ஒய் என்கிற மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது. இந்த செப்டம்பர் 1-ஆம் தேதியிலிருந்து உலகத் தடகள அமைப்பு இதைக் கொண்டுவந்திருக்கிறது. வாழ்க்கையில் ஒருமுறை எடுத்தால் போதும். உன்னை மட்டும் சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை, பெரிய போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடுகிற எல்லோருக்கும் உண்டு. சாந்தி அக்காவுக்கு நடந்ததற்கும் இதற்கும் இந்த ஒரு வித்தியாசம் இருக்கிறது.

எனக்கு இந்த டெஸ்ட் பிடிக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆம்பளைப் பிள்ளைகளை யாரும் நிறுத்தி இப்படிக் கேட்பதில்லை. இது முதல்முறையும் இல்லை. 1968-இலிருந்து 1999 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு குரோமோசோம் சோதனை இருந்தது, சரியில்லை என்றுதான் கைவிட்டார்கள். ஸ்பெயினில் மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ என்று தடை ஓட்டக்காரி, 1985-இல் இதே மாதிரி சோதனையில் நிறுத்தப்பட்டு, மூன்று வருஷம் போராடித் திரும்ப வந்தார். ஒடிசாவின் தூத்தி சந்த் 2014-இல் நிறுத்தப்பட்டபோது விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் வரை போனார். 2015-இல் தன்னை நிறுத்திய விதியையே நிறுத்திவைக்க வைத்தார். 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கினார். சாந்தி அக்காவுக்காக அப்படி ஒரு வழக்கை அன்றைக்கு நடத்த ஆள் இல்லை. எனக்கு வலிக்கிற இடம் அதுதான்.

அதனால் நீ செய்யவேண்டியது இது. டெஸ்ட் எடுக்கச் சொன்னால் எதற்கு, யார் எடுக்கிறார்கள், முடிவு யார் கைக்குப் போகும் என்று கேள். எழுதித் தரச் சொல். படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. முடிவை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிடு. கேட்பதற்குக் கூச்சப்படாதே, கேட்டால் கோபிப்பார்களோ என்று பயப்படாதே. உன்னோடு வீட்டுப் பெண் ஒருத்தி இருக்கவேண்டும் என்று சொல், நான் வருகிறேன். எந்த ஊராக இருந்தாலும் ஒருநாள் கூலி போனால் போகட்டும். முடிவு எதுவாக இருந்தாலும் நீ எங்கள் பெண். இதை உன் அப்பா வாயாலும் சொல்ல வைக்கிறேன், அதற்கு ஒரு வாரம் கொடு.

இதையும் சொல்ல வேண்டும். மே மாதக் கடைசியில் ஆசிய சாம்பியன்ஷிப் மறுபடி தென்கொரியாவில் நடந்ததே, குமியில். சாந்தி அக்கா இஞ்சியோனில் ஓடி ஏறக்குறைய இருபது வருஷம். கலப்பு ரிலே அன்று எங்களுக்குக் கொலு பொம்மை வேலை. மோல்டைப் பிரித்து, இரண்டு பாதியும் சேர்கிற கோட்டைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். கை முழுக்க மாவு காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது, போனைத் தொட முடியாது. பக்கத்து டேபிள் பெண் போனைப் பிடித்துக் காட்டினாள். சந்தோஷ்குமார் தமிழரசன் தொடங்கி, ரூபல் சௌத்ரி வாங்கி, அவரிடமிருந்து விஷால், கடைசியில் சுபா வெங்கடேசன். நாலு பேரில் மூன்று பேர் நம் தமிழ்நாடு! 3 நிமிடம் 18.12 விநாடி, தங்கம். சுபா கோட்டைத் தாண்டியதும் நான் கத்திய கத்தலில் கையிலிருந்த பிள்ளையார் நசுங்கிப்போனார். ஈரமாகத்தான் இருந்தது, மறுபடி மண்ணோடு கரைத்துக்கொண்டோம், மேஸ்திரியும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் 4x400-லும் சுபா இருந்தார், அதிலும் தங்கம். வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலம், பிரவீன் சித்ரவேல் மும்முறை தாண்டுதலில் வெள்ளி. இந்தியாவுக்கு மொத்தம் 24 மெடல்.

அன்று சாயந்திரம் கை கழுவும்போது நினைத்தேன், சுபாவின் வீட்டிலும் யாரோ ஒருவர் ஒருநாள் 'வேணாம்மா' என்று சொல்லியிருக்கலாம். யாரோ ஒருவர் 'போகட்டும்' என்றும் சொல்லியிருப்பார். நம் வீட்டில் அந்த இரண்டாவது ஆள் நான். 2006-இல் எனக்கு இல்லாத ஆள்.

இப்போது கார்த்திகை விளக்கு வேலை ஓடுகிறது, கூலி எண்ணிக்கைக் கணக்கில் என்பதால் ராத்திரி எட்டு வரை உட்காருகிறேன். ஸ்பைக்ஸுக்குச் சேர்த்த பணம் 3,200 ரூபாய் இருக்கிறது. பழைய ஜோடியில் இடது கால் கட்டைவிரல் இடிக்கிறது என்றாயே, ஒரு சைஸ் பெரிதாக எடுக்கலாமா என்று கோச்சைக் கேட்டுவிட்டு வா. தீபாவளிக்கு மறுநாள் காலையில் நீயும் நானும் உன் அப்பாவும் மணவாளநல்லூர் போய்வரலாம். பிராதை வாங்குவதற்கு இல்லை, அதற்கு இன்னும் நேரம் வரவில்லை. அவருக்கு அந்த இடத்தைக் காட்ட வேண்டும்.

ரயில் எத்தனை மணிக்கு ஜங்ஷனுக்கு வரும் என்று மட்டும் போனில் சொல். நான் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை