நோட்டில் ஏறிய நாற்காலி

அக்கா மகளுக்குப் புதுச் சக்கர நாற்காலி வேண்டும் என்றதும் வீட்டில் எல்லாரும் பணத்தைப் பற்றியே பேசினோம். அவளுக்குப் பிசியோதெரபி பார்க்க வரும் அம்மா மட்டும், "முதல்ல அளவு எடுங்க, வசூல் அப்புறம்" என்றார். மூளை முடக்குவாதம் (சி.பி.) உள்ள பிள்ளைக்கு நாற்காலியும் சட்டை மாதிரிதான், ஆளுக்கு அளவெடுத்தாக வேண்டும். இடுப்பு அகலம், பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை, மடிப்பிலிருந்து குதிகால் வரை, அக்குள் உயரம் என்று டேப் ஓடியது. இடுப்பு ஒருபக்கமாகச் சரிந்தால் முதுகெலும்பும் வளைந்துகொண்டே போகும். தலை பின்னால் தொங்கச் சோறு ஊட்டினால் பருக்கை மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டியில் எட்டுப் படிகள் இருக்கின்றன. பணமும் ஆர்டரும் அதில் நான்காவது படிதான்.

அரசாங்கம் ஏற்கெனவே ஒன்று கொடுத்திருந்தது. கான்பூரில் 1972இல் தொடங்கிய அலிம்கோ நிறுவனம் செய்யும் சி.பி. நாற்காலி; ஐந்து வயதில் முகாமில் கிடைத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, அதில்தான் அவள் முதன்முதலாகத் தெருவைப் பார்த்தாள். ஒன்பது வயதில் முழங்கால் பலகையைத் தாண்டிவிட்டது. விருதுநகரில் மறுபடியும் மனு கொடுத்திருக்கிறோம். ஆனால் முதுகு வளையத் தொடங்கிவிட்டதால், உட்கார்ந்தவாக்கிலேயே மொத்தமாகச் சாய்க்கக்கூடிய, இரண்டு பக்கமும் அணைப்பு வைத்த நாற்காலி இப்போதே வேண்டும் என்றார்கள். விலை லட்சத்தைத் தாண்டியது. மாதம் வந்த 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை டயப்பருக்கே சரியாக இருந்தது.

படம் போட்டு, வங்கி எண் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றேன். மச்சான் ராஜபாளையத்தில் மில் தொழிலாளி; அதிகம் பேசமாட்டார். "எம்பிள்ளை படத்தைக் காட்டிக் கேக்க வேண்டாம் மாப்ள" என்றார். அதோடு பேச்சு நின்றுபோனது.

வழி சொன்னது என் அம்மா. "இவளுக்கு இன்னும் காதே குத்தலையேடா. காதுகுத்து வைப்போம். ஊரெல்லாம் செஞ்சிருக்கோம்ல?" பீரோவிலிருந்து மொய்க்கணக்கு எழுதிய செய்முறை நோட்டுகள் இறங்கின. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் அக்காவும் மச்சானும் கல்யாணம், சடங்கு, காதுகுத்து, புதுவீடு என்று வைத்த 101, 201, 501 எல்லாம் வரிசையாக இருந்தன. திரும்பி வரவேண்டிய காசு. பிள்ளை உட்காரமாட்டாள் என்று விசேஷமே வைக்காமல் விட்டதால் வராமலே கிடந்த காசு.

செய்முறையைக் கேலி பேசியே வளர்ந்தவன் நான். வட்டியில்லாக் கடன், விருந்துச் செலவுக்கே பாதி போய்விடும் என்பேன். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் கிடாக்கறியோடு நடக்கும் மொய் விருந்துகளைப் பற்றிப் படித்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. உதவி என்று வாங்கினால் காலத்துக்கும் நன்றியோடு குனிய வேண்டும். செய்முறை என்று வாங்கினால் திருப்பிச் செய்கிற உரிமை கையில் இருக்கிறது. மச்சானுக்கு அந்த உரிமை வேண்டியிருந்தது. இதிலும் ஓட்டை உண்டு. யாருக்கும் செய்ய வசதியில்லாத வீட்டுக்கு நோட்டே இருக்காது. அந்த வீட்டுப் பிள்ளைக்கும் முதுகு வளையத்தான் செய்யும். அதற்கு மனுவும் முகாமும்தான் கதி, அவை சீக்கிரம் நடக்க வேண்டும்.

சனிக்கிழமை கூலி கையில் இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். பத்திரிகையில் நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டும் சொந்தக்காரர்கள் வேனில் வந்தார்கள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் துணியை நாளெல்லாம் நெய்கிறவர்கள். பக்க அணைப்பின் பஞ்சு எவ்வளவு கெட்டியாக இருக்கவேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஒரு கையால் நெற்றியையும் மறு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை நல்ல கனம். ஆசாரி ஊசியை எடுத்ததும் எல்லாரும் பதறினார்கள். அவளோ மைக்கில் யாரோ "ஐந்நூத்தி ஒண்ணு" என்று கத்தியதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் பால்கோவா போட்டோம். அந்தக் காசுக்குக் கால்பலகையே வாங்கியிருக்கலாம் என்று ஒரு சித்தி கணக்குச் சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தவள், ஆனாலும் இரண்டு பை வாங்கிப் போனாள். டீக்கடைக்காரர் ஒருவர் 200 ரூபாயை நீட்டி, பேர் எழுத வேண்டாம் என்றார். மச்சான் விடவில்லை, எழுதிய பிறகுதான் வாங்கினார்.

செலவு போக மிஞ்சியதில் நாற்காலிக்கு முக்கால்வாசி தேறியது. மீதிக்கு அக்கா வளையல் அடகுக்குப் போனது. நாற்காலி வந்த நாளில் பிசியோதெரபி அம்மா ஒரு மணி நேரத்துக்கு மேல் திருகிக்கொண்டிருந்தார். கால்பலகையை இறக்க இன்னும் துளைகள் இருக்கின்றன, மூன்று வருஷம் தாங்கும் என்றார்.

"மூணு வருஷத்துல சடங்கு வந்துரும், அடுத்த நாற்காலிக்கு அது ஆச்சு" என்றாள் என் அம்மா. அதை ஊரைக் கூட்டி வைப்பதா, வேண்டவே வேண்டாமா என்று அக்காவும் மச்சானும் அன்றைக்கே சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள்.