மேசையில் இருக்கட்டும் குளிசைப் பெட்டி

மொன்றியலில் மலைச்சரிவை ஒட்டிப் போகும் பெரிய தெரு ஒன்றுக்கு டொக்டர் பென்ஃபீல்ட் என்று பெயர். வலிப்பு நோய்க்காக மூளையில் சத்திரசிகிச்சை செய்த வைல்டர் பென்ஃபீல்ட்தான் அவர். மக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த நரம்பியல் நிறுவனத்தை 1934இல் தொடங்கினார். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்து, வலிப்பு புறப்படும் இடத்தைத் தேடிப் பிடிப்பார். இந்த நோயோடு மல்லுக்கட்டிய மனிதரின் பெயரை நகரம் தெருப்பலகையில் எழுதி வைத்திருக்கிறது. அதே நகரத்தில் எங்கள் ஆட்கள் வலிப்புக் குளிசையை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள்.

ஏன் ஒளிக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் பட்டால் கதை பரவும், கலியாணப் பேச்சு நிற்கும். இந்தியாவில் 1999 வரை சட்டமே வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக எழுதி வைத்திருந்தது. அந்த ஆண்டு திருத்தி எடுத்துவிட்டார்கள். சட்டம் விட்டதை எங்கள் சனம் இன்னும் விடவில்லை. கண்ணுக்குப் படாத மருந்து கருத்துக்கும் படாது. சிகிச்சையில் இருப்பவருக்குத் திரும்ப வலிப்பு வருவதற்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று, குளிசை தவறிப்போவது.

தவறிப்போகிறவர்களைத் திட்டுவதில் பயனில்லை. வலிப்பு நோயே சிலருக்கு ஞாபகத்தை மங்க வைக்கும். சில மருந்துகளும் அப்படித்தான். போதாததற்கு, தினமும் செய்கிற காரியத்துக்கு ஒரு குணம் உண்டு. நேற்றுக் குடித்த தேத்தண்ணியும் இன்று குடித்த தேத்தண்ணியும் மனசில் ஒன்றாகக் கலந்துவிடும். குளிசையும் அதே கதைதான். "எடுத்தேனோ, எடுக்கேல்லையோ?" என்று அலுமாரிக்கு முன்னால் நிற்கிறவருடைய குழப்பத்தை என்னைப்போல் பிரஷர் குளிசை போடுகிற கிழவர்களும் அறிவார்கள். அந்த நேரத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று போடுவதும் ஆபத்து, போடாமல் விடுவதும் ஆபத்து.

இதை விளங்கிக்கொள்ள மொன்றியலே ஒரு வழி காட்டியது. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் ஹென்றி மோலைசன் என்ற இளைஞருக்கு, வலிப்பை நிறுத்துவதற்காக மூளையின் இரு பக்கங்களிலும் ஒரு பகுதியை அகற்றினார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பென்ஃபீல்டின் நிறுவனத்தில் வேலை செய்த பிரெண்டா மில்னர் அவரைப் போய்ப் பார்த்து, கண்ணாடியில் பார்த்தபடியே ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரையச் சொன்னார். மூன்று நாளில் கை நன்றாகத் திருந்திவிட்டது. அவரோ ஒவ்வொரு நாளும் அதை முதல் தடவை செய்வதாகவே நினைத்தார். பழக்கம் தங்குகிற இடம் ஒன்று, நடந்தது தங்குகிற இடம் வேறு என்று உலகம் அப்படித்தான் அறிந்தது.

இதில் எனக்குப் பட்டது இரண்டு. குளிசையைப் பல் துலக்குவதோடோ சாமி விளக்கு ஏற்றுவதோடோ கட்டிவிட்டால் கை தானாகப் போகும். போட்டாயிற்றா என்ற கேள்விக்கு மட்டும் கையும் பதில் சொல்லாது, மனசும் சொல்லாது. பெட்டிதான் சொல்ல வேண்டும். கியூபெக் பார்மசிகளில் கேட்டால் ஒரு கிழமைக் குளிசையை நாளும் வேளையுமாகப் பிரித்து அட்டையில் அடைத்துத் தருவார்கள். டிஸ்பில் என்பார்கள். செவ்வாய் இரவுக் குழி வெறுமையாக இருந்தால் போட்டாயிற்று. வாதமே இல்லை. அதைச் சாப்பாட்டு மேசையில் வையுங்கள். வருகிறவர் பார்க்கட்டும். வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று அவருக்கும் தெரிந்திருப்பது நல்லது: ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது. இரும்புச் சாவியைக் கையில் கொடுக்கிற வழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்பது மருந்துக்கு மருந்து மாறும். இப்போது பலருக்கும் எழுதிக் கொடுக்கிற லெவெடிரசெட்டம் பெரியவர்களின் உடம்பில் 6 முதல் 8 மணித்தியாலத்துக்குள் பாதியாகிவிடும். அதனால்தான் சாதாரணக் குளிசையைக் காலையும் இரவும் தருகிறார்கள். 1912 முதல் வலிப்புக்குப் பயன்பட்டுவரும் பீனோபார்பிட்டால் பாதியாவதற்கு நாட்கள் பிடிக்கும். உங்கள் மருந்துக்கு என்ன விதி என்று நன்றாக இருக்கும்போதே பார்மசிக்காரரிடம் கேட்டு, பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

விரதகாரருக்கு ஒரு சொல். கந்த சஷ்டிக்கு உணவை விடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். குளிசையை மட்டும் நீங்களாக விடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிரையே எடுக்கலாம். சிவராத்திரிக்குக் கண்விழிப்பதும் இந்த நோய்க்குப் பகை. முருகனும் சிவனும் கோபிக்கமாட்டார்கள்; கோபிப்பது பெரும்பாலும் மாமிமார்தான்.

ஊருக்குப் போகிறவர்கள் நேரக் கணக்கில் தடுமாறுவார்கள். பனிக்காலத்தில் மொன்றியலில் இரவு 8 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 6.30. இங்கே காலையும் இரவும் 8 மணிக்குப் போடுகிறவர் அங்கே காலையும் மாலையும் 6.30க்குப் போட்டால் 12 மணித்தியால இடைவெளி குலையாது. விமானத்தில் மொன்றியல் நேரத்தையே வைத்துக்கொண்டால் போதும். டிக்கெட் எடுக்கும்போதே இந்தக் கணக்கை மருத்துவரிடம் சொல்லிச் சரிபாருங்கள். குளிசையைக் கைப்பையில் மருந்துச் சீட்டோடு கொண்டுபோங்கள். பெரிய சூட்கேஸ் வழியில் எங்காவது தங்கிவிட்டால் புடவை நாலு நாள் கழித்து வரலாம், மருந்து அப்படிப் பிந்தக் கூடாது.