கருவியை மந்திரிக்க வந்த இளைஞர்

மேடவாக்கம் கூட்டுச்சாலையில் மாலை நேர நெரிசல் சற்றே தணிந்திருந்த வேளை. பங்கு இல்லத்தின் படியேறி வந்த இளைஞர் தோள்பையைத் திறந்து, புதிய ஒளிப்படக் கருவி ஒன்றை நம் மேசைமீது வைத்தார். "ஃபாதர், மந்திரிச்சுக் குடுங்க" என்றார். காட்சித் தொடர்பியல் பட்டம் கைக்கு வந்து இரண்டு வாரமே ஆகியிருந்தது. கருவியின் விலையில் பெரும்பகுதி கடன் என்பதைப் பிறகுதான் சொன்னார். தந்தை கொத்தனார், நம் பங்கின் சுற்றுச்சுவரை எழுப்பியவர்களுள் ஒருவர்.

மந்திரித்தோம். ஆயினும் அவரை உடனே அனுப்ப மனம் வரவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் நாம் நடத்தி வைத்த ஒரு திருமணத்தின் படங்கள் அனைத்தும் அழிந்து போயின. படமெடுத்தவர் ஒற்றை நினைவு அட்டையை நம்பியிருந்தார். மணமகளின் தந்தை அடுத்த மாதமே இறந்தார். மகளின் கரம் பற்றி அவர் பீடம்வரை நடந்து வந்த காட்சி இன்று எந்தத் தாளிலும் இல்லை. அடக்கத்தின்போது வைப்பதற்கு, வாக்காளர் அட்டையிலிருந்த மங்கிய முகத்தைத்தான் பெரிதாக்கினார்கள். ஒளிப்படக்காரர் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு அந்த வீட்டார் என்ன செய்வார்கள்?

இதைச் சொன்னோம். இரண்டு அட்டைகளில் ஒரே நேரத்தில் பதியும் வசதி அவரது கருவியில் உண்டாம். அதை இயக்காமலே வைத்திருந்தார்! அங்கேயே இயக்கினார். வீடு திரும்பியதும் இரு படிகள் எடுக்க வேண்டும், அவற்றுள் ஒன்று வேறொரு கூரையின்கீழ் இருக்கட்டும் என்றோம்.

அடுத்தது எழுத்து வேலை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படமெடுத்தவரே அதன் உரிமையாளர் என்பது பொதுவிதி. எனினும், ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன படமானால், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை பணம் கொடுத்தவரையே சேரும். இளைஞர் திகைத்தார். மணமக்களின் படத்தைத் தம் விளம்பரத்தில் இடுவதற்கும் முன்கூட்டியே எழுத்தில் இசைவு பெறுவது நல்லது. முன்பணம் எவ்வளவு, படங்கள் எத்தனை, ஆல்பம் எந்நாளில் என ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் போதும். (குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்ற நமக்கு இதில் என்ன வேலை என வாசகர் நகைக்கலாம். திருமண வீட்டுச் சண்டைகளில் பாதி, பங்கு இல்லத்திற்குத்தான் வந்து சேர்கின்றன.)

விலையுயர்ந்த லென்சுகளுக்கு இன்னொரு கடன் வேண்டாம், தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுக்கலாம் என்றோம். விடியற்காலையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தோரம் பூநாரைகளுக்காகக் காத்து நிற்பவர்களுள் தாமும் ஒருவர் என்றார். 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்நீர்நிலை நல்ல பயிற்சிக்களம்தான். ஆனால் படத்திற்குரிய பொருள் வீட்டுக்குள்ளும் இருக்கும். மதுரைப் பகுதியைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் பழனிகுமார், மீன் விற்ற தம் தாயைப் படமெடுத்தவர். மலக்குழி மரணங்களில் உறவுகளை இழந்தோரின் வீடுகளுக்குள் கருவியோடு சென்றவர். 2022இல் தயானிதா சிங் – பாரி விருது அவருக்கு வழங்கப்பட்டது. கொத்தனாரின் மகனுக்கு இதற்குமேல் நாம் விளக்கவில்லை.

ஒரு வேண்டுகோளை மட்டும் நமக்காகவே வைத்தோம். எழுந்தேற்றத்தின்போது பீடத்தைச் சுற்றி ஓடலாகாது; எங்கே நிற்பது என்பதை முந்தின நாளே குருவிடம் கேட்டறிய வேண்டும். சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

விடைபெறும்போது, பங்குத் திருவிழாவை இலவசமாகப் படமெடுத்துத் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டு, விலைப்புள்ளி கொண்டுவரச் சொன்னோம். மூன்றாம் நாள் கொண்டுவந்தார். உதவியாளர் கூலியும் கருவியின் தேய்மானமும் மாதத் தவணையும் அதில் காணப்படவில்லை. திருத்தி எழுதிவரும்படி அனுப்பியிருக்கிறோம்.