நட்சத்திரம் எந்தப் பக்கம்?

தபால் தலையை எல்லோரும் முகத்தைப் பார்த்துத்தான் ரசிக்கிறார்கள். ராஜா தலையோ, பறவையோ, பாலமோ, எதுவானாலும் முன்பக்கத்தோடு சரி. முதுகைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் ஒரு தனி ரகம். அந்த ரகத்தில் நானும் ஒருவன்.

முதுகில் அப்படி என்ன இருக்கிறது? காய்ந்த பசை இருக்கிறது. அதற்கும் உள்ளே, காகிதத்துக்குள்ளேயே, வாட்டர்மார்க் ஒளிந்திருக்கிறது. காகிதம் ஈரக் கூழாக இருக்கும்போதே கம்பியால் செய்த உருவத்தை அதன்மேல் உருட்டி அழுத்துவார்கள். அழுத்திய இடம் மெலிந்துபோகும். கள்ள ஸ்டாம்பு அடிக்கிற ஆசாமிகளுக்காகச் செய்த ஏற்பாடு.

நம் நாட்டுத் தலைகளில் 1865-ல் யானைத் தலை வந்தது, 1880-களில் நட்சத்திரம். 1926-ல் நாசிக் அச்சகம் வேலையை ஏற்றுக்கொண்ட பிறகு, தலைக்கு ஒரு நட்சத்திரம் என்ற சிக்கனம் போய், தாள் முழுவதும் நட்சத்திரங்களை வாரி இறைத்துவிட்டார்கள். சுதந்திரம் வந்தும் நட்சத்திரம் உடனே போகவில்லை. 1950-களின் கடைசியில்தான் அசோகரின் சிங்கங்கள் உள்ளே நுழைந்தன.

அச்சடிக்கும்போது தாளைத் தலைகீழாக வைத்துவிட்டால் படம் நேராக இருக்கும், நட்சத்திரம் சிரசாசனம் செய்யும். ஒற்றை முனை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் தாளை முன்பின்னாகப் புரட்டி வைத்திருந்தால்? பிரம்மதேவனாலும் சொல்ல முடியாது. நட்சத்திரத்தைக் கண்ணாடியில் பார்த்தாலும் நட்சத்திரம்தானே!

1929-ல் வந்த விமானத் தபால் தலைகளும், 1931-ல் புது டில்லித் திறப்பு விழாவுக்கு வந்தவையும் அகலவாட்டமானவை. அவற்றில் நட்சத்திரம் படுத்துக் கிடக்கும். முனை இடப்பக்கம் நீட்டியதும் உண்டு, வலப்பக்கம் நீட்டியதும் உண்டு. முதுகுப் பக்கமிருந்து பார்க்கிறோமா, முகப் பக்கமிருந்தா என்று முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இடமே வலமாகிவிடும்.

திருவள்ளூரில் எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. கம்பெனி பஸ்ஸிலேயே பாதி ஆயுள் போகிறது. காலமான தகப்பனாரின் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மாலை வந்தார். மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டுமாம். ஒரு வியாபாரி விலை சொல்லி, மறுநாளே பதில் கேட்டிருக்கிறார்.

"டூப்ளிகேட் நிறைய இருக்குன்னு குறைச்சுட்டார், சார். அவர் சொல்றதும் நியாயந்தான். பாருங்க, டில்லி ஸ்டாம்பையே ரெண்டு ரெண்டா ஒட்டி வச்சிருக்கார் எங்க அப்பா."

ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே பென்சிலில் ஏதோ கீறல். நான் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, ஜன்னலைத் திறந்து, கறுப்புத் தட்டை எடுத்து வைத்தேன். சிகரெட் லைட்டருக்கு ஊற்றுகிற பெட்ரோல் சில துளி விட்டு, ஒரு ஜோடியைக் கவிழ்த்துப் போட்டேன். (எல்லாத் தலைக்கும் இந்த ஸ்நானம் ஆகாது, சில மைகள் கரைந்துவிடும்.) நனைந்ததும் மெலிந்த இடங்கள் கறுத்துத் தெரிந்தன. ஒன்றில் நட்சத்திர முனை இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். சில விநாடிதான், ஈரம் பறந்துவிட்டது.

பென்சில் கீறலை அப்போதுதான் இருவரும் சரியாகப் பார்த்தோம். குட்டிக் குட்டி அம்புக் குறிகள். ஒன்று இடப்பக்கம் காட்டியது, ஒன்று வலப்பக்கம்.

இதனால் ஆல்பம் லட்சம் பெறும் என்று நான் சொல்லவில்லை. பெறாது. ஆனால் டூப்ளிகேட் என்று ஒன்று கூட அந்தப் பக்கத்தில் இல்லை என்று சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்ததையும் போடுங்க சார்" என்றார். இரவு ஷிப்டுக்குப் பஸ் வரும்வரை போட்டுக்கொண்டிருந்தோம்.

வெளிநாட்டுப் பக்கங்களை மட்டும் விற்றார். மிச்சப் பணத்துக்குப் பி.எஃப். முன்பணம் எடுத்தார். இந்தியப் பக்கங்கள் இப்போது பெண்ணிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையானால், "தாத்தா, தட்டு வேணும்" என்று வந்து நிற்கிறாள். திருப்பிக் கொடுப்பது மட்டும் கிடையாது.