சுத்தியலும் பூவரசம் பூவும்

ஹைதராபாத் ஹுசேன் சாகர் ஏரிக்கும் மார்ச் 10ஆம் தேதிக்கும் என்ன பகையோ தெரியவில்லை. 1990இல் அந்தத் தேதியில்தான், ஏரி நடுவில் நிறுத்துவதற்காக மிதவையில் ஏற்றிக்கொண்டுபோன ஒற்றைக்கல் புத்தர் சிலை கவிழ்ந்து மூழ்கியது. கூடப் போனவர்களில் பலர் உயிர் பிழைக்கவில்லை. புத்தர் இரண்டரை வருஷத்துக்கு மேல் தண்ணீருக்கடியில் கிடந்து, 1992 டிசம்பரில்தான் தன் பீடத்தில் ஏறினார். 2011இல் அதே மார்ச் 10 அன்று அதே ஏரிக்குள் இன்னும் சில சிலைகள் விழுந்தன. இந்தத் தடவை விபத்து இல்லை.

தெலங்கானா தனி மாநிலம் கேட்டு நடந்த ‘மில்லியன் மார்ச்’ அது. பேராசிரியர் கோதண்டராம் தலைமையிலான கூட்டு நடவடிக்கைக் குழு அழைப்பு விடுத்திருந்தது. பிள்ளைகளுக்கு இன்டர்மீடியட் பரீட்சை நடக்கிறது என்று சொல்லி போலீஸ் பாதைகளை மறித்தது. அப்படியும் ஜனங்கள் ஏரிக்கரையான டேங்க் பண்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்தக் கரையில், என்.டி.ராமராவ் முதலமைச்சராக இருந்த 1980களில் நிறுத்திய தெலுங்குப் பெரியவர்களின் சிலைகள் முப்பதுக்கு மேல் உண்டு. அன்று மாலைக்குள் பத்துக்கும் மேற்பட்டவை உடைந்தன. அன்னமாச்சாரியார் போனார். ஸ்ரீஸ்ரீ போனார். ஜாஷுவா போனார்.

ரயில்வே வேலை கிடைத்து செகந்திராபாத் வந்து, பென்ஷனும் இங்கேயே வாங்கிக்கொண்டிருக்கிறவன் நான். ஆந்திராக்காரனுமில்லை, தெலங்கானாக்காரனுமில்லை. இரண்டு தரப்புக்கும் நான் ‘அரவம்’ பேசுகிறவன். தமிழுக்கு இங்கே அதுதான் பெயர். அதனால் எல்லோரும் என்னிடம் மனம்விட்டுப் பேசுவார்கள், தீர்ப்பு மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்காமலே கொடுக்கிற வயது வந்துவிட்டது என்பதால் எழுதுகிறேன்.

தெலங்கானாக்காரர்களின் குறை நியாயமானது. நிஜாமை எதிர்த்துக் காட்டில் போராடிச் செத்த கோண்டு மகன் கோமரம் பீமுக்கு அன்று அந்த வரிசையில் இடமிருக்கவில்லை. கரையில் நின்ற பெரியவர்களில் தெலங்கானா மண்ணில் பிறந்தவர்கள் குறைவு. தலைநகரம் எங்கள் ஊரில், கௌரவம் உங்கள் ஆட்களுக்கா என்று அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை.

ஆனால் உடைந்தது யார் என்று பாருங்கள். ஜாஷுவா குண்டூர் ஜில்லாக்காரர் என்பது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, தீண்டாமையின் அவமானத்தைத் தன் உடம்பில் வாங்கி அதைத் தெலுங்குக் கவிதையாக்கியவர் அவர் என்பது. ‘கப்பிலம்’ என்ற அவருடைய காவியத்தில், கோயிலுக்குள் நுழைய முடியாத மனிதன் தன் முறையீட்டை ஒரு வௌவாலிடம் சொல்லி அனுப்புகிறான். வௌவாலை யாரும் வாசலில் தடுப்பதில்லை அல்லவா. ஸ்ரீஸ்ரீயோ இந்தப் பக்கத்து இடதுசாரிப் பையன்கள் ஊர்வலம் ஊர்வலமாகப் பாடிய கவிஞர். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வாரங்கல் மனிதர்; 1969 தனித் தெலங்கானா போராட்டத்தில் மாணவராகப் போய் லத்தியடி வாங்கியவர். மில்லியன் மார்ச்சுக்கும் போயிருந்தார். அன்று ராத்திரி என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “ஸ்ரீஸ்ரீயை ஏன் சார்? அவர் பாட்டைப் பாடிக்கொண்டுதானே நாங்கள் ஜெயிலுக்கே போனோம்?” என்றார். உடைத்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த முகம் யாருடையது என்று தெரிந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

அவருடன் கன் பார்க் போயிருக்கிறேன். சட்டசபைக்கு எதிரே, பப்ளிக் கார்டனை ஒட்டிய அந்தச் சின்னப் பூங்காவில் 1969இல் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானவர்களுக்கான ஸ்தூபம் நிற்கிறது. 369 பேர் என்பது மக்கள் சொல்லும் கணக்கு. ஏக்கா யாதகிரி ராவ் என்ற சிற்பி செய்தது. அடிப்பகுதிக் கல்லில் குண்டு துளைத்தது போன்ற குழிகள்; மேலே எழும் தூணின் உச்சியில் விரிந்த பூ. பக்கத்து வீட்டுக்காரர் செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு அந்தக் குழிகளில் ஒன்றில் விரலை வைத்துப் பார்ப்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. இந்த ஸ்தூபமே ஒரு எதிர்ப்புத்தான். சுட்ட அரசாங்கத்தின் வாசலுக்கு நேர் எதிரே, நீ சுட்டாய் என்று கல்லில் எழுதி வைத்த எதிர்ப்பு. அன்றைய ஆட்சிக்கு அது பெரிய அவமதிப்பு. ஆனால் செத்துப்போன எவருடைய தாயையும் அது அவமதிக்கவில்லை.

செகந்திராபாத் பரேட் கிரவுண்டில் இருக்கும் போர் நினைவுச்சின்னமான வீருல சைனிக ஸ்மாரகத்துக்கு குடியரசு தினத்தன்று முதலமைச்சர் வந்து மலர்வளையம் வைக்கும் சடங்கு உண்டு. எனக்குப் போரில் நம்பிக்கை இல்லை. பாகிஸ்தானோடு ஆனாலும் சரி, சீனாவோடு ஆனாலும் சரி. ஆனாலும் பியூகிள் ஊதும்போது எழுந்து நின்றுவிடுவேன். அங்கே வரும் முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்களும் போர் வேண்டும் என்று கேட்க வருபவர்கள் இல்லை. போன பிள்ளைக்கு ஊரில் ஒரு கல்லாவது இருக்கிறதே என்று வருகிறார்கள். அந்தக் கல்லை வைத்து அரசியல் செய்கிறவன் ஒருத்தன், அதன் முன்னால் அழுகிறவன் வேறொருத்தன். எதிர்ப்பு தெரிவிக்கப் போகிற பிள்ளைகள் கை ஓங்குவதற்கு முன் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பிரித்துப் பார்க்காமல் செய்வதற்கும் சட்டத்தில் இடம் உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மில்லியன் மார்ச்சுக்கு எட்டு நாள் முன்பு, 2011 மார்ச் 2ஆம் தேதி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. மேத்யூ ஸ்னைடர் என்ற மரைன் வீரர் 2006இல் ஈராக்கில் இறந்தார். அவருடைய சவ அடக்கத்தின்போது, கான்சாஸிலிருந்து ஒரு சின்னத் தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள், செத்த சிப்பாய்களுக்காகக் கடவுளுக்கு நன்றி என்ற அட்டைகளைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்கள். அமெரிக்கா ஓரினச் சேர்க்கையாளர்களைச் சகித்துக்கொள்வதால் கடவுள் தண்டிக்கிறார் என்பது அவர்கள் வாதம். அப்பா ஆல்பர்ட் ஸ்னைடர் வழக்குப் போட்டார். ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் எதிர்ப்பாளர்கள் பக்கம் நின்றார்கள்: பொது விஷயத்தைப் பொது இடத்தில் பேசினார்கள், எவ்வளவு புண்படுத்தினாலும் பேச்சு பேச்சுத்தான். நீதிபதி அலிட்டோ ஒருவர் மட்டும் அப்பா பக்கம்.

எட்டுப் பேர் சரியாகத்தான் சொன்னார்கள் என்பது என் எண்ணம். இன்றைக்குக் கான்சாஸ்காரனின் அட்டையைப் பிடுங்க அதிகாரம் பெறும் போலீஸ், நாளைக்குக் கன் பார்க்கில் கூடுகிறவனின் அட்டையையும் பிடுங்கும். நம் நாட்டில் 1971 சட்டப்படி தேசியக் கொடியையோ அரசியல் சட்டத்தையோ பகிரங்கமாக எரித்தால் மூன்று வருஷம் வரை சிறை. அதற்கு முன்பே, 1957இல், சாதியைக் காக்கும் பிரிவுகளை எரிக்கப்போவதாகப் பெரியார் அறிவித்தபோது சென்னை மாநிலம் அவசரமாக ஒரு சட்டம் போட்டது. ஆயிரக்கணக்கானோர் தாங்களாகவே எரித்துவிட்டுச் சிறைக்குப் போனார்கள். அந்தச் சட்டமே சரியா என்று கேட்பவர்களுடன் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீதிமன்றம் விட்டுவிட்டது என்பதற்காக, பிள்ளையைப் பறிகொடுத்தவனின் முன்னால் போய் நிற்பதற்கு ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும். அது எனக்கு வேண்டாம்.

இதற்கெல்லாம் நம்மூரில் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் கர்னல் நீல் என்பவரின் சிலை நின்றது. 1857இல் மெட்ராஸிலிருந்து படையோடு வடக்கே போய், அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்டவர்களையெல்லாம் தூக்கில் போட்டவர். அந்த வருஷமே லக்னௌவில் சுடப்பட்டுச் செத்தார். வெள்ளைக்காரர்களுக்கு அவர் போர் வீரர், சிலை போர் நினைவுச்சின்னம். 1927 ஆகஸ்டில் தொண்டர்கள் சுத்தியலும் கோடரியுமாகப் போய் அந்தச் சிலையை அடித்தார்கள். திருநெல்வேலி சோமயாஜுலு முன்னின்றார், காமராஜர் அதில் ஈடுபட்டார், மெட்ராஸ் வந்த காந்தி அகிம்சை தவறக் கூடாது என்ற நிபந்தனையோடு ஆதரித்தார். பட்டப்பகலில் பெயர் சொல்லி அடித்தார்கள், ஓடாமல் நின்றார்கள், சிறைக்குப் போனார்கள். மறுநாள் இன்னொரு கூட்டம் வந்தது. சிலை அசையவில்லை. பத்து வருஷம் கழித்து, 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் அதைத் தெருவிலிருந்து எடுத்தார்கள். உடைக்கவில்லை, இப்போது எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது.

நீல் சிலையை அடித்தவனுக்கும் ஜாஷுவாவை உடைத்தவனுக்கும் கையில் இருந்தது ஒரே மாதிரி இரும்புதான். ஆனால் முன்னவனுக்கு யாரை அடிக்கிறோம் என்று தெரியும், அதற்கான விலையையும் அவனே கொடுத்தான். பின்னவன் கூட்டத்துக்குள் மறைந்துகொண்டான்.

மறைந்துகொள்வது அரசாங்கங்களுக்கும் பழக்கம்தான். இலங்கையில், முள்ளிவாய்க்காலில் 2009இல் போரில் செத்தவர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் எழுப்பியிருந்த நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவு இயந்திரம் வைத்து இடித்தார்கள். அனுமதியில்லாத கட்டுமானம் என்றார்கள். அனுமதியில்லாத கட்டுமானத்தை இடிக்க ராத்திரி எதற்கு? மாணவர்கள் வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். 11ஆம் தேதி விடிகாலையில் துணைவேந்தரே வந்து மறுபடி அடிக்கல் வைத்து, பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்துவைத்தார். அந்த ஏப்ரலில் தூபி மறுபடி எழுந்தது. டேங்க் பண்டிலும் பிறகு எல்லாச் சிலைகளையும் திரும்ப வைத்தார்கள். கல்லைத் திரும்ப வைத்துவிடலாம். இடித்தது யார் என்பதைத்தான் ஜனங்கள் மறப்பதில்லை.

அதே இலங்கையில் வேறொரு வழியும் நடந்திருக்கிறது. வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில், முதல் உலகப் போரில் செத்தவர்களுக்காக நவம்பர் 11 அன்று சிவப்புப் பாப்பிப் பூ விற்பார்கள். சேரும் பணத்தில் பெரும்பகுதி கப்பலேறி பிரிட்டனுக்குப் போகும். அதே போரில் பிரிட்டனுக்காகச் சண்டை போட்டுத் திரும்பிய இலங்கைச் சிப்பாய்க்குக் கிடைத்தது சொற்பம். ஏலியன் பெரேரா என்ற முன்னாள் சிப்பாய் 1931இல் இதை எதிர்த்து, பாப்பி விற்கும் அதே நாளில் பூவரசம் பூ விற்க ஆரம்பித்தார். சிங்களத்தில் சூரிய மல். 1933இல் இளைஞர் சங்கங்கள் அதைக் கையில் எடுத்து ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாகவே ஆக்கிவிட்டன. டொரீன் விக்கிரமசிங்க என்ற ஆங்கிலப் பெண்மணி அதன் தலைவியானார். பூக்களின் போர் என்று தலைப்பிட்டுப் பத்திரிகையில் அவர் கட்டுரை எழுத, கொழும்பு வெள்ளைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த வருஷம் மலேரியா கொள்ளை கொள்ளையாக உயிர் குடித்தபோது, சூரிய மல் பிள்ளைகள்தான் கிராமம் கிராமமாக மருந்து கொண்டு போனார்கள். யாரும் எந்தப் பாப்பியையும் மிதிக்கவில்லை. எரிச்சல் மட்டும் குறைவில்லாமல் உண்டானது.

இதையெல்லாம் சட்டம் படிக்கும் என் பேத்தியிடம் சொன்னேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

“மரியாதையா கேளுன்னு எப்பவும் கீழ இருக்கறவங்ககிட்டதானே தாத்தா சொல்றீங்க? பூ வித்தா யார் திரும்பிப் பாப்பா? கேமரா சுத்தியலைத்தான் பாக்கும்.”

“பாத்துதே அம்மாடி. மில்லியன் மார்ச்சுக்கு மறுநாள் ஊர் முழுக்கச் சிலைகளைப் பத்தித்தான் பேச்சு. தனி மாநிலம் ஏன் வேணும்னு யாராவது பேசினாங்களா?”

“ஆனா அதுக்கப்புறம்தானே கோமரம் பீம் சிலை டேங்க் பண்டுக்கு வந்துது?”

வந்தது. அதை என்னால் மறுக்க முடியவில்லை. அவருக்கு இடம் கொடுக்க ஜாஷுவாவை நகர்த்த வேண்டியிருக்கவில்லையே, கரையில் இடமா இல்லை என்றேன். கேட்காமல் யார் இடம் கொடுத்தார்கள் என்றாள் அவள். கேட்பதும் உடைப்பதும் ஒன்றா என்றேன். இதற்குள் காப்பி ஆறிவிட்டது என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

நீல் சிலையை அவள் பார்த்ததில்லையாம். அடுத்த தடவை சென்னை போகும்போது எழும்பூருக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன். அங்கே நின்று மிச்சச் சண்டையைப் போட்டுக்கொள்ளலாம்.