மூச்சுதான் சுக்கான்

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் இருக்கிறது துலாம்பென். வெள்ளை மணலைத் தேடி இங்கே யாரும் வருவதில்லை. கரை முழுக்க அகுங் எரிமலை தந்த கரிய கற்கள். வெயில் ஏறிவிட்டால் கால் வைக்க முடியாது. அந்தக் கற்களின் மேல்தான் ஊர்ப் பெண்கள் சும்மாடு வைத்து, கடலுக்குள் மூழ்க வருபவர்களுக்கான, 15 கிலோவுக்குக் குறையாத காற்று சிலிண்டர்களைத் தலையில் சுமந்து நடக்கிறார்கள். சிலர் ஒரே நடையில் இரண்டைக் கொண்டுவந்துவிடுவார்கள். கழுத்து அசைவதில்லை.

கரையிலிருந்து சுமார் 30 மீட்டர் தள்ளி நீருக்குள் கிடக்கிறது ‘லிபர்ட்டி’. 1918இல் கட்டிய அமெரிக்கச் சரக்குக் கப்பல், ஏறக்குறைய 120 மீட்டர் நீளம். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ பட்டு, தண்ணீர் புகுந்த நிலையில் இழுத்துவரப்பட்டு இந்தக் கரையில் தரைதட்டியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே துருப்பிடித்துக் கிடந்தது. 1963இல் அகுங் வெடித்தபோது நிலம் குலுங்கியதில் கப்பல் கடலுக்குள் சரிந்தது. போர் மூழ்கடிக்காத கப்பலை எரிமலை மூழ்கடித்துவிட்டது.

முத்துக்குளிப்பு என்றதும் மூச்சடக்குவதுதான் நமக்கு நினைவுக்கு வரும். அந்த சிலிண்டரோடு மூழ்கும் ஸ்கூபாவில் நேர் எதிர்: எந்த நிலையிலும் மூச்சை அடக்கக்கூடாது என்பதே முதல் பாடம். ஆனால் நீருக்கடியில் மூச்சுவிடுவது எளிதல்ல. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. ஓராள் ஆழத்தில்கூட, மேலிருந்து வரும் வெறும் குழாய் வழியே நெஞ்சால் காற்றை இழுக்க முடியாது. பிரான்சில் 1943இல் கூஸ்தோவும் பொறியாளர் கான்யானும் உருவாக்கிய கருவி அதைத் தீர்த்தது. நாம் இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாகக் காற்றைத் தருகிறது. கையடக்கமான அந்த ரெகுலேட்டர்தான் கடலடியைச் சாதாரண மனிதர்களுக்குத் திறந்துவிட்டது.

வழிகாட்டி கட்டைவிரலைக் கீழே காட்டினார். இறங்கினோம். முதலில் சரிந்து போகும் கருமணல். அதில் பாதி உடம்பைப் புதைத்து நிமிர்ந்து நிற்கும் விலாங்குகள். நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டன. அப்புறம் நீலத்துக்குள்ளிருந்து கப்பலின் பின்புறம் எழுந்து வந்தது.

மீன் பார்க்கத்தான் மக்கள் கடலுக்குள் இறங்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். மீனைக் கண்ணாடித் தொட்டியிலும் பார்க்கலாமே! இங்கே கிடைப்பது வேறு. இடுப்பில் கட்டிய ஈயமும் உடுப்பில் நிரப்பிய காற்றும் சரியாக ஒத்துப்போகும் ஒரு கணத்தில் உடம்பு மிதப்பதும் இல்லை, மூழ்குவதும் இல்லை. நெஞ்சு நிறைய இழுத்தால் மெல்ல உயர்கிறேன், விட்டால் தாழ்கிறேன். ஒரு இரும்புச் சட்டத்தைத் தாண்ட வேண்டுமா, கையை வீச வேண்டாம், இன்னும் கொஞ்சம் மூச்சிழுத்தால் போதும். நாளெல்லாம் நினைக்காமலே விட்டுக்கொண்டிருக்கும் மூச்சு இங்கே சுக்கானாகிவிடுகிறது. பதறினால் காற்று சீக்கிரம் தீரும் என்பதால் நிதானம் தானாக வருகிறது. பேச்சு கிடையாது, நலமா, திரும்பலாமா, அங்கே பார் எல்லாமே கைச்சாடைதான். தினமும் வாயோயாமல் பேசி உழைக்கிறவர்கள் ஏன் திரும்பத் திரும்ப இதற்கு வருகிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

கப்பலின் பக்கவாட்டில் விசிறிபோல் விரிந்த ஒரு பவளம், சாம்பலும் நீலமுமாக மங்கிக் கிடந்தது. ஆழத்தில் முதலில் மறைவது சிவப்புதான். நீர் அதை விழுங்கிவிடும். வழிகாட்டி டார்ச்சை அடித்தார். கிளை கிளையாக அப்படியொரு செக்கச்சிவப்பு! ஒளி விலகியதும் மறுபடி சாம்பல். நான் கையைக் காட்டிக் காட்டி அவரை மூன்று நான்கு முறை டார்ச் அடிக்க வைத்தேன்.

மேலேறும் வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அழுத்தத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேறுவதற்கு. அந்த மூன்று நிமிடமும் எனக்குப் போதவில்லை.

கரையேறியதும் அடக்கிவைத்த பேச்செல்லாம் உடைத்துக்கொண்டது. முன்பின் தெரியாதவர்கள் ஈர உடுப்போடு மீன் படப் புத்தகத்தைப் புரட்டி, தாங்கள் பார்த்தது இதுதான் என்று சண்டை போட்டார்கள். நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கப்பலுக்குள்தான் இரவில் தூங்குமாம். அவை எழுந்து கிளம்புவதைப் பார்க்க விடியுமுன் இறங்க வேண்டும் என்றார் வழிகாட்டி. மறுநாள் பட்டியலில் என் பெயரையும் எழுதச் சொன்னேன்.