தாயில்லாக் குட்டிகளின் இடைக்கால வீடு

ஏப்ரல் விடுமுறையில் பிள்ளைகளுக்கு மிருகங்களைக் காட்ட எங்கே போகலாம் என்று ஓப்பநாயக்கத் தோட்டத்துப் பெண்கள் சிலர் கூடிப் பேசினோம். ஏதாவது ஒரு பண்ணைக்குப் போகலாம் என்றார் ஒருவர். “மாடு, ஆடு, கோழியெல்லாம் நம்ம லயத்துக் கோடியிலயே இருக்கே, அதுக்கு எதுக்கு பஸ் காசு?” என்று இன்னொருவர் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். கடைசியில் உடவளவைக்குப் போவதென்று முடிவானது. அங்கே தாயை இழந்த யானைக் குட்டிகளை வளர்க்கும் இல்லம் ஒன்று இருக்கிறது.

காலை ஆறு மணிக்குப் பெல்மதுளை பஸ் ஏறினோம். அங்கிருந்து எம்பிலிப்பிட்டிய பஸ். கஹவத்தை, கொடகவெல வரை தேயிலையும் இறப்பரும் கூடவே வருகின்றன. அதன் பிறகு மலை தாழ்ந்து, காற்று சூடாகி, வயலும் வாழையுமாக நிலம் விரிகிறது. திம்பொல்கெட்டியச் சந்தியில் இறங்கி, உடவளவை வீதியில் திரும்ப வேண்டும்.

எங்களோடு ஒரு பெரியம்மாவும் அவருடைய எட்டு வயதுப் பேத்தியும் வந்தார்கள். பெரியம்மா பிறந்தது ஓப்பநாயக்கவில்தான். 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. 2009இல் கணவரை இழந்து, முகாமில் இருந்து, ஒரே மகளோடு பிறந்த தோட்டத்துக்கே திரும்பி வந்தார். இப்போது மகள் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். பேத்தி பாட்டியோடு இருக்கிறாள்.

பஸ்ஸில் பெரியம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “முழங்கால் வலியோட பால் வெட்டப் போறேன். விடியக்காலையில புள்ள தனியா இருக்கு. ஹோம்ல விட்டுருங்க, அங்க சாப்பாடும் படிப்பும் கெடைக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத்தான் மனசு வரல.” அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

உடவளவை யானைகள் இடைத்தங்கல் இல்லத்தை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் 1995இல் ஆரம்பித்தது. சிங்களத்தில் ‘எத் அதுரு செவண’ என்கிறார்கள். யானைகளின் இடைக்கால நிழல் என்று பொருள் சொல்லலாம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறார்கள். காலை 9 மணி, பகல் 12, பிற்பகல் 3, மாலை 6 ஆகிய நேரங்களில் போனால் பார்க்கலாம். நாங்கள் பன்னிரண்டு மணிப் பாலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வேலிக்கு வெளியே, படிப்படியாக அமைந்த மேடையில் நின்றுதான் பார்க்க வேண்டும். கதவைத் திறந்ததும் குட்டிகள் காதை விரித்து, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன. பராமரிப்பாளர் குழாயை வாயில் வைத்து, புனலில் பாலை ஊற்றுகிறார். கண்மூடித் திறப்பதற்குள் பால் உள்ளே போய்விடுகிறது. குடித்து முடித்ததும் நகர மனமில்லாமல் இன்னும் வேண்டும் என்று தும்பிக்கையை நீட்டியது ஒன்று. அதைத் தட்டி அனுப்பிவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டார். குடித்தவை அப்பால் போட்டிருந்த தழைகளுக்குப் போயின. மிகச் சிறியது ஒன்று தும்பிக்கையால் இலையைப் பிடிக்கப் பார்த்து, நழுவவிட்டு, மறுபடி பிடித்தது.

பேத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுக்கு அம்மா எங்க?” என்று கேட்டாள். பெரியம்மா என்னைப் பார்த்தார்.

தாய் இல்லாமல் போவதற்குக் காரணங்கள் பல. துப்பாக்கிச் சூடு, சட்டவிரோத மின்கம்பி, ரயில், பழத்துக்குள் வைக்கும் ‘ஹக்கபட்டாஸ்’ வெடி. சில குட்டிகள் பாழ்ங்கிணற்றில் விழுந்து கூட்டத்தைப் பிரிகின்றன. 2023இல் மட்டும் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானை தாக்கி 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். அந்த மனிதர்களின் வீடுகளிலும் தாயில்லாத, தகப்பனில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

யானைக் கூட்டம் என்பது பெண்களின் குடும்பம். மூத்த பெண் யானை முன்னே நடக்கும். அதன் சகோதரிகளும் மகள்களும் குட்டிகளும் பின்னே போகும். குட்டியைத் தாய் மாத்திரமல்ல, பெரியம்மா, சித்தி எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள். வளர்ந்த ஆண் யானைகள் பிரிந்து போய்விடும். இதைச் சொன்னபோது எங்களில் ஒருவர், “அப்ப நம்ம லயத்த மாதிரித்தான்” என்றார்.

குட்டியைத் தொட வேண்டும் என்று பேத்தி அழுதாள். தொட முடியாது. பக்கத்தில் நின்ற ஊழியரிடம் காரணம் கேட்டோம். மனிதர்களோடு பழகிவிட்ட யானை பயமில்லாமல் ஊருக்குள் வரும், வந்தால் உயிருக்கு ஆபத்து என்று சிங்களத்தில் விளக்கினார். பராமரிப்பாளர்களும் தேவைக்கு மேல் கொஞ்சுவதில்லையாம். அன்பில்லை என்று நினைக்க வேண்டாம், அவை போக வேண்டியவை என்றார்.

பெரியம்மா முன்னால் வந்து, “எப்போது அனுப்புவீர்கள்?” என்று கேட்டார்.

சுமார் ஐந்து வயதளவில், பால் இல்லாமல் தானே மேய்ந்து வாழக்கூடிய நிலையில் அனுப்புகிறார்களாம். தனியாக ஒருபோதும் அனுப்புவதில்லை. இங்கே சேர்ந்து வளர்ந்தவற்றைக் கூட்டமாகவே காட்டில் விடுகிறார்கள். சிலவற்றுக்குக் கழுத்துப்பட்டி போட்டு, எங்கே போகின்றன, எப்படி இருக்கின்றன என்று கவனிக்கிறார்கள். முதல் கூட்டம் 1998இல் போனது. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்டவை போயிருக்கின்றன. அப்படிப் போன பெண் யானைகள் காட்டிலே குட்டி ஈன்றிருக்கின்றன.

எல்லாவற்றையும் அனுப்ப முடிவதில்லை. கண்ணியில் சிக்கிக் காலின் கீழ்ப்பகுதியை இழந்து இங்கே வந்த நமால் என்ற குட்டிக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். இதைக் கேட்டதும் பெரியம்மா, முகாமில் தன்னோடு இருந்த ஒரு பெண்ணின் ஜெய்ப்பூர்க் காலை நினைவுபடுத்திப் பேசினார். எங்கள் மாகாணத்திலேயே கேகாலை மாவட்டத்தில் 1975இல் ஆரம்பித்த பின்னவலை யானைகள் சரணாலயத்திலும், கண்ணிவெடியில் ஒரு பாதத்தை இழந்த சமா என்ற பெண் யானை வளர்ந்தது. பின்னவலையின் வழி வேறு. அங்கே யானைகள் மனிதரோடு பழகி, அங்கேயே வாழ்கின்றன. உடவளவையிலோ முதல் நாளிலிருந்தே திரும்பிப் போவதற்காக வளர்க்கிறார்கள்.

அருகில் உள்ள உடவளவைத் தேசியப் பூங்கா 1972இல் பிரகடனப்படுத்தப்பட்டது. 308 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. ஜீப் வாடகை எங்களால் முடியாது. வீதியோரமாகக் கொஞ்ச தூரம் போனபோது, மின்வேலிக்கு அப்பால் நின்ற ஒரு பெரிய யானை வாகனங்களைப் பார்த்துத் தும்பிக்கையை நீட்டியது. போகிறவர்கள் பழம் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். காடு முழுவதும் பின்னால் இருக்க, அது வீதியில் பழத்துக்குக் காத்து நின்றது. கையிலிருந்த வாழைப்பழத்தைப் பேத்தி பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பேத்தி பாட்டியின் மடியில் தூங்கிவிட்டாள். கொடகவெல தாண்டியபோது பெரியம்மா சொன்னார்: “அந்த ஹோம்காரங்ககிட்ட நான் சாப்பாடு குடுப்பீங்களா, படிக்க வைப்பீங்களான்னுதான் கேட்டேன். எப்ப திருப்பி அனுப்புவீங்கன்னு கேக்கவே இல்ல.”

சகோதரிகளே, இந்தக் கேள்வி எம்மில் பலருக்கும் உரியது. இலங்கையில் சிறுவர் இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருக்கிறார்கள். வறுமையே பலரை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது. பிள்ளையை ஒப்படைக்கும் முன் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ, மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்கள உத்தியோகத்தரையோ சந்தியுங்கள். வீட்டிலேயே வைத்து வளர்க்க என்ன உதவி கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள். விடத்தான் வேண்டுமென்றால், எத்தனை காலத்துக்கு, எப்போதெல்லாம் பார்க்கலாம், எப்போது திரும்பி வரும் என்று எழுத்தில் கேளுங்கள். பிள்ளைகள் தொடர்பான ஆலோசனைக்கும் முறைப்பாட்டுக்கும் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பெரியம்மா மறு கிழமையே பிரதேச செயலகத்துக்குப் போனார். விடியக்காலையில் அவர் பால் வெட்டப் போகும் நேரத்தில், பக்கத்து லயத்துப் பெண் பேத்தியைத் தன் பிள்ளைகளோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறார். இதுவும் இடைக்கால ஏற்பாடுதான். மகள் திரும்பி வரும் மாதத்தை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்கள்.